பெண்கள் மட்டும் அமரும் மேஜை

செய்தி வந்தபோது நான் மனோன்மணி அக்காவின் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் உறை, முகத்தில் கவசம், தலையில் தொப்பி. யாரோ ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏவைச் சின்னக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அதனால் ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட வேலை செய்யும் ஸ்ரீநிவாஸும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பதும் அக்காவின் சட்டம்தான். சாவுச் செய்தி சொல்லக்கூட அவர்கள் அதை மீறவில்லை. ஸ்ரீநிவாஸ் கண்ணாடியை விரலால் தட்டினான். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும், அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயை மூடி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். திறந்தபடி விட்டுவிட்டு எழுந்திருந்தால் அக்கா செத்தும் திட்டியிருப்பார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் டாக்டர் மனோன்மணியை அறிந்தவர்கள். இரங்கல் கூட்டத்துக்கும் வந்திருந்தீர்கள். குழந்தையின்மை பற்றி அவர் செய்த ஆராய்ச்சியைப் பேசினார்கள், அவர் கோபத்தைப் பேசிச் சிரித்தார்கள். நானும் மைக்கைப் பிடித்து ஏதோ உளறினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இப்போதும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அக்காவின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம். நான் கணவரின் ஐடி வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவள். வேலையில் சேர்ந்த அன்று நான் பேசிய தமிழைக் கேட்டு, "ஹவ், சினிமால பேசற மாதிரியே பேசறியே!" என்று ஹைதராபாத் பாணியில் வியந்து சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் மதுரை. என் சொந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். மற்றவர்களுக்கு அவர் மேடம், எனக்கு மட்டும் அக்கா.

எங்கள் வேலை என்னவென்று ஒருமுறை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். ஆணிடம் மட்டும் இருப்பது ஒய் குரோமோசோம். அதில் ஒரு சின்னத் துண்டு பிறவியிலேயே சிலருக்கு இருக்காது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், மீசை இருக்கும், வேலைக்குப் போவார், விந்தணு மட்டும் மிகக் குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ரத்தத்தில் டிஎன்ஏவை எடுத்து, அந்தத் துண்டை மட்டும் பல மடங்காகப் பெருக்கிப் பார்ப்போம். துண்டு இருந்தால் புற ஊதா விளக்கின் கீழே ஒரு கோடு ஒளிரும். இல்லாவிட்டால் அந்த இடம் இருட்டாக இருக்கும். இவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தம்பதி வந்தார்கள். வழக்கம்போல மாமியாரும் கூட வந்திருந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எத்தனை இடத்தில் ரத்தம் கொடுத்துப் பழகிய கை அது! அக்கா ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை.

"கைக்கும்மா?" என்றார், ஹைதராபாத் உருதுவில் 'எதுக்கும்மா' என்று. "உன்னை யாராச்சும் கேட்டாங்களா? எந்திரி. முதல்ல மாப்பிள்ளை கையை நீட்டட்டும்."

"அவனுக்கு என்னங்க? அவன் நல்லாத்தானே இருக்கான்" என்றார் மாமியார்.

"நல்லா இருக்கிறவங்களுக்கு ரத்தம் கொடுக்க என்ன பயம்?" என்றார் அக்கா. மாப்பிள்ளைகள் கையை நீட்டிய பிறகுதான் பெண்களைத் தொடுவார். இந்த ஒரு பிடிவாதத்தால் எங்களிடம் ஆள் அனுப்புவதை நிறுத்திய ஆஸ்பத்திரிகள் உண்டு.

அந்த மேஜையின் கதைக்கு வருகிறேன். பழைய ரிப்போர்ட்டில் ஒய் குரோமோசோம் சரியாக இருப்பதாக வந்த ஆண்களின் ரத்தத்தை, வேறொரு ஆராய்ச்சிக்காகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் புதிதாகச் சோதித்தோம். நான் சேர்வதற்கு முன்பு அக்காவின் கையெழுத்தோடு போன ரிப்போர்ட்டுகள் அவை. விளக்கைப் போட்டபோது எல்லோருக்கும் கோடு இருந்தது, ஒருவரைத் தவிர. அந்த இடம் இருட்டு. அக்கா மறுபடி தன் கையாலேயே ஆரம்பத்திலிருந்து செய்தார். மறுபடியும் இருட்டு. அப்போதுதான் அன்றைக்குப் பிரித்து வைத்த பழைய டிஎன்ஏ குழாயையும் எடுத்து ஓட்டினார். அதில் கோடு இருந்தது. அது அந்த நபருடைய கோடு இல்லை. வேறு எவனுடையதோ.

வேலை செய்தவர்களில் ஒரு ஆணுடைய டிஎன்ஏ அது. பேசும்போது தெறிக்கிற எச்சில் போதும், தோலிலிருந்து உதிர்கிற தூசு போதும். நோயாளியிடம் இல்லாத துண்டை வேலை செய்பவன் அறியாமல் குழாய்க்குள் போட்டுவிடுவான். சரிபார்ப்பதற்காகக் கூடவே ஓட்டுகிற வெறுந்தண்ணீர்க் குழாயில் அழுக்கு தெரிந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். அது சுத்தமாக இருந்திருக்கிறது. கெட்டது அந்த ஒரு குழாய் மட்டும்.

"யாரோடதுன்னு பார்த்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடும்க்கா" என்றேன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நக்கோ, வேணாம் மதுரை. தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? கையெழுத்து யாருது? என்னுது."

மறுநாள் முதல் அந்த அறையும் அந்த மேஜையும் பெண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்ணின் எச்சில் விழுந்தால் இந்தச் சோதனை கெடாது, ஏனென்றால் எங்களிடம் ஒய் கிடையாது. ஸ்ரீநிவாஸ் வாசலில் நின்று கேலி செய்தான். "மேடம், எங்க வீட்ல லேடீஸுக்கு மாசத்துல மூணு நாள்தான் தீட்டு. எங்களுக்கு வருஷம் பூராவா?" அக்கா சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனுஷி அன்று சிரிக்காததைப் பார்த்துத்தான் விஷயத்தின் கனம் அவனுக்குப் புரிந்தது.

அந்த நபரின் வீடு பக்கத்தில் உப்பல் என்ற பகுதியில். பெயர்களைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தமிழர்கள்தான். அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வாசலில் மாக்கோலம், ஹாலில் புதுக் கல்யாண போட்டோ. போட்டோவில் இருந்த பெண், அவரோடு அன்று சோதனைக்கு வந்த மனைவி இல்லை என்று அக்கா என் காதில் சொன்னார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த நபரின் அம்மா படபடத்துவிட்டார். "அவ கதைதான் முடிஞ்சு போச்சே மேடம். இப்ப எதுக்கு வந்து கிளறுறீங்க? இவனுக்கு கவுன்ட் கம்மின்னு சொன்னாங்க. ஃபாக்டரி சூடு, சரியாயிடும்னு நாங்க சொன்னோம். அப்புறம் டிஎன்ஏவே நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? உங்க ரிப்போர்ட்டை நம்பித்தானே அவளை அனுப்பிச்சோம்?"

அக்கா அந்த அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு என்னை நம்பினீங்க இல்ல, இன்னைக்கும் நம்புங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு போன் போட்டு, குறை உன்கிட்ட இல்லைன்னு சொல்லிடுங்க. கால்ல வேணா விழறேன்."

மகன் தலையை நிமிர்த்தாமல், "நோ மேடம். இது வெளிய போகக் கூடாது" என்றான்.

"நீங்க பிள்ளை பெத்திருக்கீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லைங்க. ஆனா பெறாதவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

காபி கொண்டுவந்த புது மருமகளின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்த இடம். அக்கா அதையே பார்த்தார். பிறகு அவளிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் சொன்னது உள்ளே கேட்டுச்சாம்மா?" என்றார். அவள் டம்ளரை வைத்துவிட்டு, கேட்டது என்று தலையை மட்டும் அசைத்தாள். காபியை யாரும் தொடவில்லை. ஆட்டோவில் ஏறியதும் அக்கா அழுத அழுகையில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தின் நெறிமுறைக் குழுவிடம் போனோம். கணவரின் ரிப்போர்ட் கணவருக்குச் சொந்தம், பிரிந்துபோன மனைவியிடம் அதைச் சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். சட்டப்படி சரிதான், நானே அந்த விதியைப் பலருக்கு விளக்கியிருக்கிறேன். அக்கா எழுந்து நின்றார். "அவர் ரிப்போர்ட் அவர் சொத்து. சரி. அவ பேர்ல போட்ட பழி மட்டும் ஊர்ச் சொத்தா?" வெளியே வந்து படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "நான் அவ புருஷன் ரிப்போர்ட்டைச் சொல்லப் போறதில்ல மதுரை. என் தப்பைச் சொல்லப் போறேன். என் தப்பு என் சொத்து. அதுக்கு எவன் பர்மிஷன் வேணும்?"

அன்றிலிருந்து தேடல்தான். அந்தப் பெண்ணின் அப்பா குஷாய்குடா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர்கள் குடியிருந்த வீடு எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரம். வாழாவெட்டியாக வந்தவள் எத்தனை காலம் அங்கேயே இருந்திருக்கிறாள், காய்கறி வாங்க எங்கள் வாசல் வழியாகவே போயிருப்பாள் என்று அக்கா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நாங்கள் போனபோது வீட்டில் வேறு குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார், நாலு பேர் நாலு விதமாகப் பேசியது தாங்காமல், ரிடையர் ஆனதும் வேலூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று.

வேலூருக்கும் போனோம். விசாரித்து விசாரித்து ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பிடித்தோம். அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். முகவரி மட்டும் தரவில்லை. "அவங்கப்பா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருங்க. இங்கயும் அந்தப் பொண்ணு இல்ல. எங்கயோ வேலைக்குப் போயிடுச்சு. கல்யாணம், காதுகுத்து எதுக்கும் வராது. வளைகாப்புன்னா அந்தத் தெருப் பக்கமே தலை வெச்சுப் படுக்காது. இவ கண்ணு பட்டா ஆகாதுன்னு எவளோ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அதுல இருந்து இப்படித்தான்."

அக்கா அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஹைதராபாத்ல ரத்தம் பார்த்த டாக்டரம்மா வந்தா, தப்பா எழுதிட்டது நான்தான்னு சொன்னா. இது போதும்." அந்த அம்மா தலையாட்டினார். சொல்லியிருப்பாரா, பழசைக் கிளற வேண்டாம் என்று விழுங்கியிருப்பாரா, எங்களுக்குத் தெரியாது. மறுமுறை போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. வயிற்றில்தான். தெரிந்தபோது எல்லாம் முற்றியிருந்தது. எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். அவரால் காரணம் தெரிந்து, தத்தெடுத்து நிம்மதியாக இருக்கிற தம்பதிகள் பிள்ளைகளோடு வந்தார்கள். அக்கா எல்லோருக்கும் கை கொடுத்தார். அவர்கள் போனதும் என்னிடம் ஒரே கேள்விதான்.

"மதுரை, அந்த அம்மா சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருப்பாங்கக்கா."

"ஹவ், பொய்கூட நல்லாத்தான் சொல்றே." கண்ணை மூடிக்கொள்வார். திறந்ததும் மறுபடி கேட்பார். நினைவு தப்பும் வரை அதே கேள்விதான். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. கடவுளைக் கூப்பிட்டுப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒரு போன் போட மனம் வராத அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவின் புத்தகங்களை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சியை ஆய்வுக்கூடம் தொடரும் என்கிறார்கள், தொடரட்டும். அந்தத் தப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அதுதான். அதைச் சொல்வதற்கு எவருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை.

அம்மா, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இது உங்கள் கண்ணில் படுமா என்பதும் தெரியாது. ஹைதராபாத்தில் எங்களிடம் வந்து கை நீட்டி ரத்தம் கொடுத்தீர்கள். நாங்கள் தந்த ரிப்போர்ட் தப்பு. டாக்டர் மனோன்மணி அதைச் சொல்ல உங்களைத் தேடிக்கொண்டே இருந்து செத்துப்போனார். குறை உங்களிடம் இருந்ததென்று காட்ட எங்களிடம் ஒரு கோடுகூட இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வளைகாப்புக்குக் கூப்பிட்டால் போங்கள் அம்மா. முன்வரிசையில் உட்காருங்கள்.