நந்தினி ஒட்டிய பொட்டுகள்

“பிரியாணிக் கடைய வுட்டுட்டு வேற எடம் சொல்லு. அங்க ஒட்டி ஒட்டி ஊரே தெரியல” என்றாள் நந்தினி.

சாப்பாட்டு இடைவேளை. எதிரில் வாயில் சோற்றோடு காசி யோசித்துக்கொண்டிருந்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள் நந்தினி. கழித்துப்போட்ட கறுப்புத் தோல் ஒன்றில், குறிபோடும் வெள்ளி மைப் பேனாவால் ஊரையே வரைந்து வைத்திருந்தாள்: பாலாறு, ரயில் நிலையம், பைபாஸ். யாருக்கு எங்கே சந்தோஷமோ அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

இந்த விஷயத்தில் அவள் கறார். கோயில் என்றால் எந்தத் தூண் என்பாள். வீடு என்று சொன்ன பக்கத்து மெஷின் கோபியிடம், “வீட்ல எங்க? யாரு இல்லாதப்ப?” என்று குடைந்தாள். அவன் சொன்ன பதில் எப்படியோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மனைவி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

தோல் வெட்டும் பிரிவு ஹலீமா பீ சொன்னது வேலூர் பஸ்ஸின் ஜன்னல் சீட்டு. “அங்கதாம்மா என்னெ யாரும் ஒரு வேலையும் ஏவ மாட்டாங்க.” ஓடுகிற பஸ்ஸை எங்கே ஒட்டுவது? நெடுஞ்சாலை நெடுகப் பொட்டு வைத்ததில் ஒரு பொட்டு அட்டையே தீர்ந்துபோனது.

வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிற வாரம் அது. சூப்பர்வைசர் பாண்டியன் தோலைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“ஊர் பூரா சந்தோஷம். கம்பெனிக்குள்ள ஒருத்தருக்குமா இல்ல?”

“கேட்ல பாருங்க சார். சாயந்தரம் வெளிய வர்ற எடம். ஜாஸ்தி பேரு அங்கதான்.”

“யாராச்சும் பாத்தா என் வேலை போய்டும். கிழிச்சிப் போடு.”

“தோலு சார், கிழியாது” என்றாள் நந்தினி. பொட்டு அட்டையை எடுத்தாள். “உங்களுக்கு எங்க சார்?”

அதட்டத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. “கரண்டு போவும் இல்ல? ஜெனரேட்டர் போடுறதுக்குள்ள எல்லா மெஷினும் கம்முனு ஆய்டும். அப்ப இங்கயே, லைன் நடுவுல நிப்பேன்.” குரல் தாழ்ந்தது. “யாருகிட்டயும் சொல்லாத.”

நந்தினி சிரிக்கவில்லை. தொழிற்சாலைச் சுவருக்குள்ளே முதல் பொட்டை வைத்து, பசை பிடிக்கட்டும் என்று கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.