புக்கிட் ரோத்தான் அருகே பனிக்குக் கட்டிய ஒரு மாளிகை

பிரெஞ்சு மாளிகையின் கோபுரத்தில் தண்ணீர் இருக்கிறது. அதைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகவிடாமல் தோட்டத்தின் புதிய கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கட்டடத்தைப் பற்றி எழுத முடியும்.

நான் ரவாங்கில் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறேன். அலுவலகத்தில் கிடந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் பிரான்சு நாட்டுக் கிராமத்து மாளிகைகளின் படங்களைப் பார்த்தேன். என் பெரியப்பா மகள் சரோஜா அக்கா வேலை செய்யும் தோட்டத்துப் பங்களா அதே அச்சு. 1986 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்ப்பதற்கென்றே கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு பஸ். பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலா சிலாங்கூர் போய்ச் சேர ஒன்பது ஆகிவிட்டது. கட்டணம் இரண்டு வெள்ளி பத்து காசு. அங்கிருந்து புக்கிட் ரோத்தான் தாண்டித் தோட்டம்வரை டாக்சிக்கு ஆறு வெள்ளி. ஓட்டுநர் நம்மவர். பங்களாவைப் பார்க்கப் போகிறேன் என்றதும் சிரித்தார்.

"அங்க என்னா லா இருக்கு? பேய்கூடப் பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு."

செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை திரும்பியதும் மாளிகை தெரிகிறது. இரண்டு மாடி, இரு முனையிலும் வட்டக் கோபுரம், கோபுரங்களுக்குக் கூம்புக் கூரை. சண்டைக் காலத்தில் எதிரியைக் கண்காணிக்க எழுந்த கோபுரங்கள், பின்னாளில் பணக்காரர்களுக்கு அலங்காரமாகிவிட்டன என்று சஞ்சிகையில் படித்திருந்தேன். இங்கே அதுவும் இல்லை. இடப்பக்கக் கோபுரத்துக்குள் படிக்கட்டு. வலப்பக்கக் கோபுரத்துக்குள் இரும்புத் தண்ணீர்த் தொட்டி. கிணற்றிலிருந்து பம்பு ஏற்றுகிறது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே, தோட்டத்தை வைத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனியின் பெரிய துரை ஒருவர் தன் சொந்த ஊர் வீட்டைப் போலவே வேண்டும் என்று கட்டினாராம். மண் இளகல் என்பதால் பக்காவ் என்னும் சதுப்புநில மரக் கழிகளை நெருக்கமாக அடித்து, அதன்மேல் அஸ்திவாரம். கழிகளைச் சேற்றில் இறக்கியது லயத்து ஆட்கள். கூரை அவ்வளவு செங்குத்தாக இருப்பது பனி வழுக்கி விழுவதற்காக. கோலா சிலாங்கூரில் பனி! கூடத்தில் குளிர்காயும் அடுப்பும் இருக்கிறது. செங்கல்லில் கரியே இல்லை.

அக்காவின் கணவர் மாரியப்பன் மாமாவுக்குப் பங்களாவில் புல்வெட்டும் வேலை. சமையலறைக் கதவு வழியாகத்தான் உள்ளே கூட்டிப்போனார். முன்கதவைக் காட்டி, அந்த வழியாகப் போகக்கூடாதா என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றினார்.

வலப்பக்கக் கோபுரத்தின் அடியில் இரண்டு குழாய்கள். ஒன்று பங்களாவுக்கு, மற்றது லயத்துக்கு. லயத்துக் குழாயின் வால்வில் சங்கிலியும் பூட்டும். பங்களாவை விருந்தினர் விடுதியாக்கி, லயத்து நிலத்தை வீடமைப்புக்கு விற்கப்போகிறார்களாம். ஆட்களைப் போகச் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டார்கள். எப்போதாவது ஒரு லோரி கொண்டுவருகிறது. மற்ற நாட்களில், ஆலைக்கழிவு கலக்கும் கால்வாய்தான். அக்காவின் சின்ன மகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு.

"பூட்ட ஒடைச்சா என்ன மாமா?"

"ஒடைச்சா வேல போயிரும். வேல போனா வீடு போயிரும். அப்புறம் தண்ணிய எங்க ஊத்தி வைக்கிறது?"

சென்ற ஆண்டு தோட்டம் கைமாறியபோது, கடைசிப் பிரெஞ்சுத் துரைக்கு லயமே சேர்ந்து வழியனுப்பு விழா நடத்தியது. ஆடு வெட்டி விருந்து, மேளம், ரோஜா மாலை. புதியவர்கள் குறை சொல்லக்கூடாதென்று தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக் கழுவியும் கொடுத்திருக்கிறார்கள். விற்கும்போது லயத்துக்குத் தண்ணீர் விடுவதையும் பேசிப் பத்திரத்தில் எழுதி வையுங்கள் என்று துரையிடம் கேட்கலாமா என ஒரு பேச்சு வந்ததாம். மாலை போட்டவர் மாமாதான்.

"மால போடுற நேரத்துல போயி பைப்பப் பத்தி எப்படித் தம்பி கேக்குறது? மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டோம்."

"மாலையும் போட்டாரு, வாயையும் கட்டிக்கிட்டாரு," என்றாள் அங்கே வந்து சேர்ந்த அக்கா. மாமா தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபிறகு அதைச் சொல்ல மனம் வரவில்லை. போகிறவனை மனம் நோகாமல் அனுப்புவது நம் வழக்கம். இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்பது ஏன் நம் வழக்கத்தில் இல்லை?

போக நினைப்பவர்களுக்கு: மழை நாளில் தோட்டச் சாலையில் டாக்சி வராது. மாளிகைக்குள் போக அனுமதி வேண்டும். வெளியிலிருந்து பார்க்கத் தடையில்லை. கடைசி பஸ் மாலை ஆறு மணிக்கு. லயத்தில் யாரிடமும் குடிக்கத் தண்ணீர் கேட்காதீர்கள். இரண்டு தோம்பு, அதாவது பீப்பாய், நிறையத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது.

நான் புறப்படும்போது புதிய கம்பெனியின் உதவி நிர்வாகியான சின்னதுரையின் கார் வந்து பங்களா வாசலில் நின்றது. அவரும் தமிழர்தான். அக்கா தன் சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கார் அருகே போனாள். லயத்து வால்வைத் திறக்கச் சொல்லுங்கள், வேறு எதுவும் கேட்கவில்லை என்றாள். அவர் அவளைத் தாண்டி மாமாவைப் பார்த்து, பின்பக்கம் புல் ஏன் இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றினார்.

அக்கா நகரவில்லை. மூடிய கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்:

"புல்லு கெடக்கட்டும் துரை. தண்ணியத் தொறந்து விடுங்க."