ரோலர் போட்ட சவாரித் திடல்

திடல் பொறுப்பிலிருந்து விலகிய சிவகரனுக்கு நன்றி சொல்லி, எங்கள் மாட்டுவண்டிச் சவாரிச் சங்கத்து ஆண்டு மலரில் நாலு வரி போட வேண்டுமாம். செயலாளர் பிரதாபன் எழுதுவான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். 'சிறந்த சேவையாளர், பண்பாளர்' என்று எழுதிவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. கொஞ்சம் நீளும். போட்டால் போடுங்கள், விட்டால் விடுங்கள்.

சிவகரன் அக்கராயன்காரன். ஐம்பத்து மூன்று வயது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். வளைகுடா நாடொன்றில் குதிரைப் பந்தயத் திடலில் பதினொரு வருடம் ட்ரக்டர் ஓடினான். குதிரை ஓடுகிற தரையைக் கிளறிச் சமப்படுத்துவதுதான் வேலை. "இதுக்கே வெளிநாடு போனனீ? உழுறதுக்கு இஞ்ச வயல் இல்லையே?" என்று நானே நக்கலடித்திருக்கிறேன்.

அந்தத் தரை வெறும் மண் இல்லையாம். மணலோடு நூலும் றப்பர்த் துண்டும் கலந்து, மெழுகு சேர்த்துச் செய்த தரை. மழைக்குச் சேறாகாது. ஆனால் வெயிலுக்கு மெழுகு இளகும், குளிருக்கு இறுகும். அதனால் விடியவே தரைக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ட்ரக்டரை எடுப்பார்களாம். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்க எங்கள் வீட்டில் அது இல்லை, அவன்கள் நிலத்துக்குப் பார்க்கிறான்கள்!

"ஓடேக்க குதிரையின்ர முழுப் பாரமும் ஒரு நொடிக்கு ஒத்தைக் காலில வந்து நிக்குமடா. தரை கொஞ்சம் விட்டுக் குடுக்கோணும். இல்லாட்டி எலும்பு போயிடும்" என்பான்.

ஒருநாள் களைப்பில் ஒரு துண்டைக் கிளறாமல் விட்டுவிட்டான். அன்று பயிற்சியில் ஒரு பெண்குதிரை அந்த இடத்தில்தான் முன்கால் முறிந்து விழுந்தது. பச்சைத் துணி பிடித்து மறைத்து, ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார்கள். காலில் முன்னமே வெடிப்பு இருந்தது என்று அறிக்கை வந்தது. சிவகரன் அதை நம்பவில்லை. முதுகு வலியைச் சாட்டிக்கொண்டு அடுத்த வருடம் ஊருக்கு வந்துவிட்டான்.

வந்ததும் எங்கள் திடலைப் பொறுப்பெடுத்தான். சம்பளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சித்திரைச் சவாரிக்கு ஒரு கிழமை முன்னரே உழுது, மணல் கலந்து, பவுசரில் தண்ணீர் விடுவான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முழுத் திடலும் குதிக்காலைக் குத்திக் குத்தி நடப்பான். குதி புதைய வேண்டும், அதுதான் அவன் கணக்கு. ஐந்து வருடத்தில் ஒரு மாடும் கால் முறியவில்லை. மாட்டுக்காரர்களுக்கோ அதில் திருப்தி இல்லை. மெத்தை விரித்தால் மாடு படுக்குமே தவிர ஓடாது என்று புறுபுறுத்தார்கள்.

போன சித்திரையில், சவாரிக்கு முதல்நாள் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திடல் பாதியில் கட்டிகட்டியாய்க் கிடக்க, கிளினிக்குக்குப் போய்விட்டான். பரந்தன் பக்கம் தார் ஊற்றிக் காப்பெற் ரோட்டுப் போடுகிறவர்களிடம் ரோலர் நின்றது. கேட்டேன், சும்மாவே தந்தார்கள்.

என்னைத் திட்ட முன்னம் ஒன்றை யோசியுங்கள். முப்பது வருடம் உடைந்த ரோட்டில் கிடங்குக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் சைக்கிள் உழக்கிய சனம் நாங்கள். மழமழவென்று இறுகின நிலத்தைக் கண்டால் எங்களுக்கு வயிறு குளிரும். இறுகினால்தான் நல்ல நிலம் என்று ஊறிப்போய்விட்டது. அவன் சொன்னதெல்லாம் குதிரைக்கு, எங்கள் மாட்டுக்கு என்ன என்றுதான் நினைத்தேன். பாவம், முதுகோடு கஷ்டப்படுகிறான், வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று பின்னேரம் முழுக்க நின்று உருட்டுவித்தேன். ரோலர்க்காரனும் நானும்தான் நின்றோம்.

காலையில் சிவகரன் வந்து செருப்பைக் கழற்றிக் குதியைக் குத்தினான். முகம் செத்துப் போயிற்று.

"ஆரடா இது?"

"நான்தான். எப்பிடி? காப்பெற் மாதிரி இல்லையே?"

அவன் கத்தவில்லை. என் தோளைப் பிடித்தான். "நாலு மணித்தியாலம் எடுத்துத் தா. திருப்பி உழுது தாறன்" என்றான்.

எங்கே எடுப்பது? பூநகரி, வவுனியா, முல்லைத்தீவிலிருந்து நாற்பது சோடி மாடு லொறியில் வந்து இறங்கிவிட்டது. விருந்தினர் மாலையோடு கதிரையில் இருக்கிறார். சிவகரன் எல்லோருக்கும் முன்னால் போய், "நிலம் பிழை, இண்டைக்கு ஓட விடாதேங்கோ" என்றான். "நீதானே போட்டனீ? இப்பதான் உருப்படியாப் போட்டிருக்கிறாய், ஏன் குழப்புறாய்?" என்று மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. முல்லைத்தீவு ஹலீம் மட்டும் குனிந்து நிலத்தைத் தட்டிப் பார்த்தார். "அண்ணை சொல்லுறது சரி" என்று தன் சோடியைத் திரும்ப லொறியில் ஏற்றினார். நான் மைக்கைப் பிடித்து முதல் ஓட்டத்தை அறிவித்தேன்.

இருபது ஓட்டம் ஒரு குறையும் இல்லை. மாடுகள் பறந்தன, சனம் விசிலடித்தது. "பாத்தியே?" என்றேன் சிவகரனிடம். அவன் மாடுகளின் முன்னங்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது எங்கள் ஊர் நேசமலர் அக்காவின் சோடி. கன்றிலிருந்து அவா கையால் தவிடு தின்று வளர்ந்த நாம்பன் காளைகள். வண்டிலில் அவாவின் மருமகன். பாதித் தூரத்தில் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டில் புரண்டது. மருமகன் சிராய்ப்போடு எழும்பிவிட்டான். வலப்பக்கத்து நாம்பன் மூன்று காலில் எழும்பப் பார்த்து, திரும்பவும் விழுந்தது.

அந்த முதுகோடு சிவகரன் ஓடினான். போட்டிருந்த சேட்டைக் கழற்றி மாட்டின் கண்ணை மூடி, தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். "மறையுங்கோ, ஆரும் பாக்கவேண்டாம்" என்று கத்தினான். வேறு துணி கிடைக்காமல், விருந்தினரின் படம் போட்ட பதாகையை அவிழ்த்து வந்து சுற்றிப் பிடித்தோம். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, எலும்பு வெளியே வந்துவிட்டது, ஒன்றும் செய்ய ஏலாது என்றார்.

"இறைச்சிக்குக் குடுக்க மாட்டன். ஊசியைப் போடுங்கோ டொக்டர்" என்றா நேசமலர் அக்கா. கடைசிவரை அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தா. நான் மைக்கை நிறுத்திவிட்டு வண்டில்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஒரு கிழமை கழித்துச் சிவகரன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான்.

"ஏசடா என்னை. நாலு தூசணமாவது சொல்லு."

"என்னெண்டு ஏசுறது? என்ர முதுகு நோகுதெண்டுதானே செய்தனீ." கண்ணை மூடிக்கொண்டான். "நேசமலர் அக்கா வந்தவா. ஏன் தம்பி ரோலர் போட்டனீ எண்டு கேட்டவா."

"நீ என்ன சொன்னனீ?"

"பிழையாப் போச்சக்கா எண்டன்."

அதற்குப் பிறகு அவன் திடல் பக்கமே போகவில்லை. வாய்க்கால் கரையில் அவனைக் கண்டால் நேசமலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறா. அவன் சைக்கிளால் இறங்கி, அவா போகும்வரை நிற்கிறான். இரண்டு மூன்று தரம் நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். ஒரு வருடமாய் விழுங்கி விழுங்கிக் களைத்துப் போனேன்.

நேசமலர் அக்கா, அந்த ரோலரைக் கொண்டுவந்தது நான். சிவகரன் இல்லை.