மாமியைக் கட்டிய முதுகுத் தட்டு

குஞ்சித்தம்பியைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக்கு மேல் புளுகு. நான் சொல்வது கண்ணால் கண்டது. அவன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான் இருந்தது. அதையும் சுனாமி கொண்டுபோன பிறகு ஒளிவு மறைவுக்கு வழியே இல்லாமல் போயிற்று.

எங்கள் வாகரைப் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை இடுப்பில் ஒரு சாரனும் தோளில் ஒரு வலையுமாக வந்து சேருவான். குஞ்சித்தம்பியும் அப்படித்தான் வந்தான். அவனுடைய மாமியார் சீதேவிப்பிள்ளை பழைய ஒழுங்குக்காரி. மருமகனின் முகத்துக்கு நேரே வரமாட்டார், பேசவும் மாட்டார். அவன் முன்வாசலால் வந்தால் அவர் பின்வாசலால் போவார். சொல்லவேண்டியதைப் பாதி தன் புருஷனிடமும் பாதி மகள் கேதீஸ்வரியிடமும் சொல்லி அனுப்புவார்.

"வலை காய்ஞ்சிட்டாம், எடுக்கட்டாம்" என்று கேதீஸ்வரி வந்து சொல்வாள்.

"எடுக்கிறனாம் எண்டு சொல்லு" என்பான் இவன். மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் கேதீஸ்வரி போய் அதை மறுபடி சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும்.

சுனாமி மாமனாரையும் தோணியையும் வீட்டையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனது. அந்த மனுஷன் நல்லவர். அவர் போனதோடு இரண்டு பேருக்கும் நடுவிலான தூது முழுவதும் கேதீஸ்வரியின் தலையில் விழுந்தது. அகதிக் கூடாரத்தில் கதவு ஏது? மாமியார் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அதற்கு அந்தப் பக்கம் இருந்து குடும்பம் நடத்தினார்.

பிறகு நிவாரணம் வந்தது. கொளுத்தும் வெயிலில் கம்பளிச் சட்டை, கடற்கரை மணலில் நடக்கக் குதி உயர்ந்த செருப்பு. எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு பெட்டிக்குள் சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர் ஒன்றும், அதை முதுகில் மாட்டுகிற உருக்குத் தட்டும், அதன் வார்ப்பட்டிகளும் வந்தன. மீனவன் என்றால் கடலுக்கு அடியில் போய் மீனைக் கையால் பிடிப்பான் என்று எந்தப் புண்ணியவான் நினைத்தானோ! சீட்டுக் குலுக்கியதில் அது குஞ்சித்தம்பிக்கு விழுந்தது. எனக்குக் குளிருக்குப் போடும் கையுறை ஒரு சோடி.

அடுத்த கிழமையே இயக்கப் பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொட்டிக் கல்லு போல இரிக்கு, நீங்களே வைச்சிருங்க" என்று விட்டுவிட்டார்கள். கேதீஸ்வரி அதில் ரொட்டி சுட்டும் பார்த்தாள். தட்டின் நடுவில் நீளமாக ஒரு மடிப்பு இருந்ததால் ரொட்டியும் மடிந்தே வந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஷெல் விழத் தொடங்கியது. ஊரே மூட்டை கட்டிக் காட்டு வழியால் தெற்கே இறங்கியது. சீதேவிப்பிள்ளைக்கு அப்போது முழங்கால் வாதம், பத்தடி நடக்கமாட்டார். தூக்கக்கூடியவன் மருமகன் ஒருவன்தான்.

"அவரு என்னத் தூக்கவோ? நான் இஞ்சயே கிடந்து சாகிறன். ஊரு சிரிக்கும் புள்ள" என்று மகளிடம் சொல்லிவிட்டு மனுஷி நிலத்தில் அமர்ந்துகொண்டார். தலைக்கு மேலே ஷெல் கூவிக்கொண்டு போகிறது. சிரிப்பதற்கு ஊரில் யார் மிச்சம் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

குஞ்சித்தம்பி அந்த உருக்குத் தட்டை வார்ப்பட்டிகளோடு எடுத்து வந்தான். தேங்காய் துருவும் பலகையின் நாக்கைக் கழற்றி, பலகையைத் தட்டின் கீழே ஆசனமாகத் தொங்கவிட்டான். மாமனாரின் பழைய சாரனை மடித்து மெத்தையாக வைத்தான். பிறகு மனைவியிடம், "முதுகோட முதுகு. நான் முன்னால பாப்பன், அவ பின்னால பாப்பா. நடுவில இரும்பு. ஆரும் ஆரையும் தொடவும் இல்ல, பாக்கவும் இல்ல. சொல்லு" என்றான்.

கேதீஸ்வரி சொன்னாள். மாமியார் யோசித்தார். ஒழுங்கில் எங்கேயும் ஓட்டை இல்லை. ஏறி அமர்ந்தார்.

அந்த வழியில் நான் கண்ட கூத்தை எங்கேயும் கண்டதில்லை. முகம் தெரியாததால் மாமியாருக்கு வாய் திறந்துகொண்டது. ஆனாலும் மருமகனோடு பேசவில்லை, மரங்களோடுதான் பேசினார். "பாலை மரமே, கொஞ்சம் மெதுவா நடந்தா ஆகாதோ?" என்பார். இவன் முன்னால் பார்த்துக்கொண்டே, "பின்னால ஆருக்காவது நோகுதா?" என்று காட்டைக் கேட்பான். "வலப்பக்கம் வார் இறுக்குதாம் எண்டு சொல்லு மரமே" என்று பதில் வரும். உடனே நின்று, பின்பக்கத்து வாரைத் தளர்த்தித் தன் தோள் வாரை இறுக்குவான். எதிரே வந்த ஆமிக்காரன் ஒருவன், இரண்டு பக்கமும் முகமுள்ள ஆளைக் கண்டு துவக்கைத் தாழ்த்தி வழிவிட்டான். ஓட்டமாவடிப் பக்கம் வந்து அவிழ்த்தபோது மாமியார் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இறங்கியதும் முக்காட்டை இழுத்துவிட்டு மறுபடி ஊமையானார்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பினோம். பாசிக்குடாவில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாலைதீவில் சுழியோடப் பழகிய ஓட்டமாவடி ஹமீட் அங்கே ஒரு கொட்டில் போட்டு, ஆட்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். நான் அவருடைய படகோட்டி. படகில் சிலிண்டர் கட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.

குஞ்சித்தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "கேதீஸ்வரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப்போறாள். பாஸ்போட் வந்திட்டு, வாற கிழமை பயணம். எனக்கு இந்த வேலை கிடைச்சா அவள மறிச்சிருவன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் ஹமீட்டிடம் போய், "தட்டில் கட்டுவதில் இவனை மிஞ்ச ஆள் இல்லை" என்று சத்தியம் செய்தேன். பொய் இல்லையே!

முதல் நாள் ஒரு பருத்த வெள்ளைக்காரர். குஞ்சித்தம்பி சிலிண்டரைக் குழந்தையைப் போலத் துடைத்தான். தட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஒரு சாரனை மடித்து வைத்தான். சிலிண்டர் வசதியாக அமர வேண்டுமென்று நன்றாகக் கீழே இறக்கிக் கட்டினான். அது பின்னால் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று வால்வின் வாயை வெளிப்பக்கம் திருப்பிவிட்டான். குழாயைப் பூட்டிக் கொடுத்த நான், இது என்ன கோலம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கடைசியில் குனிந்து சிலிண்டரைப் பார்த்து, "நோகுதா?" என்று மெல்லக் கேட்டான். வெள்ளைக்காரர் தன்னைக் கேட்பதாக நினைத்துத் தலையை ஆட்டினார்.

தண்ணீருக்குள் போன சிறிது நேரத்தில் சாரன் தனியாக மேலே மிதந்து வந்தது. அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் வந்தார். சிலிண்டர் பட்டியிலிருந்து நழுவி, அவர் வாயிலிருந்த குழாயில் தொங்கிக்கொண்டு வந்தது. அதைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டு, கோபத்தில் சிவந்த கண்களோடு ஹமீட்.

"என்னகா இது? ஆளக் கொல்லப் பாத்தீங்களா?"

குஞ்சித்தம்பி மிதந்துவந்த சாரனை எடுத்துப் பிழிந்தான். "சிலிண்டருக்கு நோகக்கூடாதெண்டு..." என்றான்.

ஹமீட் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மாமியார் கதை முழுவதையும் சொன்னேன். ஹமீட் சிரித்துச் சிரித்துப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடிந்ததும், "சட்டையக் கழட்டுங்க, சிலிண்டர நீங்களே முதுகில போட்டுப் பாருங்க" என்றார். அப்போதுதான் அந்தத் தோள்களைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் வார் அறுத்த தழும்பு, விரல் தடிப்பில் கறுத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் பக்கத்து வளவில் இருந்தும், இவன் ஏன் சட்டையைக் கழற்றுவதே இல்லை என்று நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"காஞ்ச பட்டி தண்ணிக்குள்ள போனா இளகும், முதல்ல நனைச்சுப் போட்டுத்தான் இறுக்கணும்" என்று ஹமீட் இப்போது மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். "இடையில துணி கூடாது. வால்வு வாய் சுமக்கிறவர்ர புடரியப் பாக்கணும். சிலிண்டர் மேல ஏறி நிக்கணும், ஆனா தலையில இடிக்கக்கூடாது. தோள் வாருக்குள்ள கை போகணும். சிலிண்டருக்கு உசிரில்லகா. சுமக்கிறவருக்குத்தான் நோகும், அவரத்தான் கேக்கணும்."

சிலிண்டரை முதுகில் ஏற்றி, ஹமீட் தளர்த்திவிட்ட வாரோடு குஞ்சித்தம்பி எழுந்து நின்றான். முன்னும் பின்னும் நடந்தான். "இப்பிடியும் சுமக்கலாமா?" என்றான். பிறகு படகின் நடுவில் நின்று அழுதான். ஹமீட் அவனை நாளைக்கும் வேலைக்கு வரச் சொன்னார்.

வேலை கிடைத்த கையோடு வீட்டுக்கு ஓடினோம். கேதீஸ்வரி பயணப் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் கதவுக்குப் பின்னால். குஞ்சித்தம்பி நேரே போய், "வேலை கிடைச்சிட்டு, நீ போகத் தேவல்ல" என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் அவளுக்கு முன்னால் குந்தி, "கேதீஸ், உனக்கு எங்க நோகுது?" என்று கேட்டான்.

அவள் உடுப்பை அப்படியே போட்டுவிட்டாள். "இப்பதான் கேக்கத் தெரிஞ்சதா? காசுக்குப் போறன் எண்டா நினைச்சீங்க? அப்பா செத்த நாள்ல இருந்து உங்க ரெண்டு பேருக்கும் நடுவில கதை காவிக் காவி எனக்கு உசிரு போகுது. சோறு வேணுமா எண்டு கேக்கவும் நான், வேணாமெண்டு சொல்லவும் நான். குவைத்தில வேலை எண்டாலும் ஒரு வீட்டு வேலைதானே! அங்க போய்க் கொஞ்சம் வாய மூடிக்கொண்டு இரிக்கப்போறன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக் கதைச்சா நிக்கிறன். இல்லாட்டி வாற கிழமை போறது போறதுதான்."

குஞ்சித்தம்பி கதவைப் பார்த்து நின்றான். "மாமி" என்றான். மரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

 கேதீஸ்வரி மறுபடி பைக்குள் கையை விட்டாள். அப்போது கதவு அசைந்தது. சீதேவிப்பிள்ளை நிலையைப் பிடித்துக்கொண்டு, முக்காடு இல்லாமல், மருமகனுக்கு நேரே வந்து நின்றார். அவனுடைய முகத்தை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மனே," என்றார், "உங்கட மீசை எப்ப நரைச்சது?"

"சுனாமியோட, மாமி."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே" என்று மனுஷி அழத் தொடங்கினார்.

கேதீஸ்வரி பையைக் கவிழ்த்து உடுப்பைக் கொட்டினாள்.