மலையைச் சுற்றி வந்தவள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் அவள் எல்லோருக்கும் வேன் அக்காதான். வளைவுக்கு வளைவு கண்ணாடிக்கு நேரே வந்து நிற்கும் மலைமுகட்டைப் பார்த்தபடியே பாதி வயதை ஓட்டித் தீர்த்திருந்தாள். ஒரு தடவையாவது அதன்மேல் நடந்துவிட வேண்டும். மனுஷி தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

முன்சீட்டில் உட்காரும் கணக்கு டீச்சரிடம் சொல்லப்போக, ஆசிரியர் கூட்டமே வருகிறேன் என்றது. திட்டம் முழுக்க அக்காவின் தலையில். ஆடு மேய்ப்பவர்களை விசாரித்து வந்தாள். மேலே சொட்டுத் தண்ணீர் கிடையாது, சுமந்துதான் ஆக வேண்டும். விடியுமுன் ஏறினால்தான் வெயில் உறைப்பதற்குள் பாதி முகட்டைத் தாண்டலாம். இறங்குவது மலைக்கு அந்தப் பக்கம் என்பதால், முதல் நாளே வேனை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்பதுவரை யோசித்திருந்தாள். தடித்த அடி வைத்த ஷூ வாங்கி மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினாள். "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்ற கூடப்பிறந்த அக்காளின் நக்கலைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடைசி வாரத்தில் தலைமையாசிரியை தானும் வருவதாகச் சொன்னார். கூடவே, "ஸ்கூல் வண்டிய ராத்திரி காட்டோரமா விட முடியாது. யாராவது அன்னிக்குச் சுத்தி ஓட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

உடற்பயிற்சி வாத்தியாருக்கும் வேன் ஓட்டத் தெரியும். அவர் திடீரென்று ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். வேன் அக்கா கணக்கு டீச்சரைப் பார்த்தாள்.

"உங்களுக்கென்னக்கா, தினமும் அதைப் பாத்துக்கிட்டேதானே ஓட்டுறீங்க" என்றாள் டீச்சர்.

வழி கேட்டு வர அக்கா வேண்டும், நடக்க மட்டும் வேண்டாம். நல்ல ஜனங்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், வேலை போனால் யார் கொடுப்பார்கள்? "சரிங்க மேடம்" என்றாள்.

அன்று இருட்டோடு அவர்களை அடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கினாள். சீட்டுக்கடியிலிருந்து தன் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு அவளும் இறங்கி நின்றாள். யாருக்காவது மனசு மாறாதா என்கிற நப்பாசை. டார்ச் வெளிச்சங்கள் மேலே ஏறத் தொடங்கின. கணக்கு டீச்சர் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள பாதி தாண்டிடணும், இல்லக்கா?"

"ஆமா."

வண்டியில் ஏறி கிளட்சை மிதித்தாள். தடித்த அடியில் கிளட்ச் பிடிபடவே இல்லை. ஷூவைக் கழற்றி முன்சீட்டில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மலையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனாள்.