திஹோமிரின் சட்டையை யார் கிழிப்பது

நிஷ் நகரத்து மகப்பேறு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தாழ்வாரத்தில் விதோசாவாவைத் தெரியாத பெற்றோர் இல்லை. பேக்கரியில் வேலை செய்கிறவள். வேலை முடிந்ததும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய மகனும் ஏழாம் மாதத்தில் பிறந்தவன்தான். இப்போது கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். ஆறுதல் சொல்வதில் அவள் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேசுவாள். அடுத்தவர் ரொட்டியைக் கேட்காமலே பிய்த்துத் தின்பாள். ஆனால் அவள் இருக்கும்போது அங்கே காத்திருந்த எங்களில் யாரும் தனியாக இல்லை.

அன்று டாக்டரே அவளைத் தேடி வந்தார். திஹோமிரின் மகள் முதல்முறையாகக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வரலாம். உடல் சூடு கிடைக்க யாராவது வெறும் மார்பில் அணைத்துக்கொள்ள வேண்டும். தாய் ருஷிட்சாவுக்குக் காய்ச்சல், உள்ளே விட முடியாது. தகப்பனோ மாட்டேன் என்கிறான்.

திஹோமிர் ஜன்னலோரம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றான். விதோசாவா நேரே அவனிடம் போனாள்.

"உள்ள போடா மகனே! உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

"வேணாம் அத்தை. இது லாரிச் சக்கரம் கழட்டுற கை. அவ ஒரு ரொட்டி அளவுகூட இல்ல."

"உன்னை யாரு அவளைக் கழட்டச் சொன்னா? சும்மா சாஞ்சு உக்காரு. மிச்சத்தை அவ பாத்துக்குவா."

அவன் சிரிக்கவில்லை. விதோசாவா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டை புதுசா இருக்கே. இன்னும் யாரும் கிழிக்கலையா?"

"யாரு கிழிப்பா? வொர்க்‌ஷாப் பசங்க எல்லாரும் வந்தானுங்க. சாவு வீட்டுல மாதிரி கையைப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க."

எங்கள் ஊரில் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நண்பர்கள் தகப்பன்மேல் பாய்ந்து சட்டையைக் கந்தலாக்கிவிடுவார்கள். திஹோமிரின் நண்பர்கள் கெட்டவர்கள் அல்லர். குழந்தை பிழைக்கட்டும், பிறகு கொண்டாடலாம் என்று நாகரிகமாகக் காத்திருந்தார்கள். அந்த நாகரிகத்தால்தான் அவன் இன்னும் தகப்பன் ஆகாமல் நின்றுகொண்டிருந்தான். உத்தரவாதம் கிடைத்த பிறகே மகிழ்வது என்றால், நம்மில் யாருடைய பிறப்பையும் யாரும் கொண்டாடியிருக்க முடியாது.

விதோசாவா அவன் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள். சர்ரென்று ஒரே இழுப்பு! பொத்தான்கள் தரையெங்கும் தெறித்து ஓடின.

"பொண்ணு பொறந்திருக்காடா உனக்கு! நல்லா இருக்கட்டும்!"

"ஐயோ அத்தை! கல்யாணச் சட்டை! ருஷிட்சா என்னைக் கொன்னுடுவா!"

"கொல்லட்டும்! ஏய், என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாங்கடா!"

சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவந்து சட்டையின் ஒரு கையைக் கிழித்தான். ஒரு தாய் அதன் முதுகுப் பக்கத்தைக் கிழித்தாள். தாழ்வாரமே கூச்சல். திஹோமிர் அழுதான், சிரித்தான், மூக்கைச் சட்டையின் மிச்சத்தில் துடைத்தான். நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"இது என்ன ஆஸ்பத்திரியா, சந்தையா?" என்றவள், அவனுடைய வெறும் மார்பைப் பார்த்தாள். "சரி, கழட்டுற வேலை மிச்சம். வந்து சோப்புப் போட்டுக் கழுவுங்க."

இம்முறை அவன் மறுக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டோம். நர்ஸ் குழந்தையைக் குழாய்களோடு தூக்கி அவன் மார்பில் வைத்தாள். அவன் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெல்ல இறங்கி, அந்தச் சின்ன முதுகை முழுதாக மூடிக்கொண்டன.

நர்ஸ் ருஷிட்சாவைத் தொலைபேசியில் அழைத்து, அவன் காதருகே பிடித்தாள். மறுமுனையில் அவள் என்ன கத்தினாளோ, அவன் முகம் சுளித்தான்.

"மெதுவா பேசுடி," என்றான் திஹோமிர். "என் பொண்ணு தூங்குறா."