என் தம்பி எழுதிய நிவாரணம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: தாசில்தார், அவருடைய ஜீப் டிரைவர், ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கர்ணம், செங்கல்பட்டிலிருந்து கூட்டி வந்த போட்டோக்காரர், புயலில் வீடு போன ஒன்பது குடும்பத்திலிருந்து ஆளுக்கு ஒருவர். அந்த ஒன்பதில் நான் ஒருத்தி. அப்புறம், நிருபர் என்று தனி நாற்காலி போட்டு உட்கார வைத்த என் தம்பி. வேறு யாரும் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் குப்பம். எழுபதுகளின் தொடக்கம். எமர்ஜென்சி இன்னும் வரவில்லை, அதனால் அதைச் சாக்காகச் சொல்லவும் என் தம்பிக்கு வழியில்லை.

பேர் பேராகக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டோம், போடத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். தாசில்தார் நிவாரணப் பணக் கவரை நீட்டினார். ரெண்டு கையாலும் வாங்கினோம். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அடுத்த நிமிஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கவரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "சரிபாக்க வேண்டியிருக்கு. ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோ." எனக்குப் பின்னால் வந்தவர் வாங்கிய கவரிலும் மூலையில், என் கவரில் இருந்த அதே மசிக்கறை. ஒன்பது பேருக்கும் ஒரே கவர்தான்.

எதற்கெடுத்தாலும் பயந்து சாகிறவள் நான். காற்று கொஞ்சம் திரும்பினாலே சாமான்களை மூட்டை கட்டுவேன். ஆனால் அன்றைக்குப் பயப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொன்னார், "உனுக்கு இன்னாம்மா பேஜாரு, பேப்பர்காரனே உன் தம்பி" என்று. அந்தப் பேப்பர்காரன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துகினுதான் இருந்தான்.

நான் ஆறாவதோடு நின்றவள். என் மீன் கூடையில்தான் அவன் படித்தான். பட்டணத்துக் காலேஜில் பத்திரிகைப் படிப்பு. அங்கே பிள்ளைகள் எழுதி ஒட்டுகிற சுவர்ப் பத்திரிகையில், ஹாஸ்டல் அரிசி மூட்டை பின்கேட் வழியாக வார்டன் வீட்டுக்குப் போகிறது என்று எழுதினான். கண்ணால் பார்த்து எழுதினான். பிரின்சிபால் அவனை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து ஆள் வரட்டும் என்றார். அப்பா இல்லை, நான் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார் அந்த மனுஷர். இப்போது நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. அப்புறம் தம்பியையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்:

"பார்த்தேன் பார்த்தேன்கிறியே, ஆதாரம் எங்கே? காகிதத்துல இருந்தா செய்தி. இல்லேன்னா வம்பு."

"பார்த்ததை எழுது" என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் அங்கேதான் நின்றார். 'நான் பார்த்தது தவறு' என்று தம்பி எழுதிக் கொடுத்தான். அதற்கப்புறம் அவன் நல்ல மாணவனாகிவிட்டான். முதல் வகுப்பு. அதே பிரின்சிபாலின் சிபாரிசில் வேலை. காலேஜ் அவனை ஆளாக்கியது என்று ஊரே சொல்லும். ஆமாம், ஆக்கியது.

ரெண்டு நாள் கழித்துப் பேப்பரில் வந்தது: ஒன்பது குடும்பங்களுக்குப் புயல் நிவாரணம் வழங்கப்பட்டது. படத்தில் நான், பல் தெரிய. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் அவன் அறைக்குப் போனேன்.

"இன்னாடா எழுதிகீற?"

"ஆபீஸ்ல குடுத்த குறிப்புக்கா."

"கவரைப் புடுங்கினது உன் கண்ணுல படலியா?"

"பட்டுது."

"அப்பறம்?"

"குடுத்தாங்கன்னு அவங்ககிட்ட ஒம்போது பேர் கையெழுத்து கீது. குடுக்கலேன்னு உங்கிட்ட இன்னா கீது?"

"நீ கீறியேடா! நீ பாத்தியே!"

"நான் பாத்தது ஆதாரம் ஆவாதுக்கா. ஒண்ணு நிருபரா இருக்கணும், இல்லே உனுக்குத் தம்பியா இருக்கணும்."

"தம்பியா இருக்க இன்னா சம்பளம் வோணும் சொல்லு. இன்னொரு கூடை தூக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. நாஸ்தா சாப்பிட்டுப் போ என்றான். எழுந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே தாலுகா ஆபீஸ். கிளார்க் ஃபைலைத் திறந்தார். உள்ளே அந்தப் பேப்பரையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். "இதோ வந்துடுச்சேம்மா. உங்க தம்பி எழுதினதுதானே? அவர் பொய் எழுதுவாரா?"

ஆமாம் என்றால் அவன் வேலைக்கு ஆபத்து. இல்லை என்றால் ஒன்பது வீட்டுக்கும் கூரை இல்லை.

"எழுதுவான்," என்றேன். "எழுதிட்டான்."

"அப்படீன்னு எழுதிக் குடுப்பீங்களா?" அவர் கிண்டலுக்குக் கேட்டார். காகிதம் வாங்கி எழுதினேன்: கவர் திருப்பி வாங்கப்பட்டது, பணம் வரவில்லை, பேப்பரில் என் தம்பி போட்டது பொய். கீழே கையெழுத்து. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

அந்த வாரமே தம்பி குப்பத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்று, "என் பேரைக் கெடுத்துட்டியேக்கா" என்று கத்தினான். "பேரா? காகிதம் கேட்டியே, குடுத்துட்டேன். போய் அச்சுல போடு" என்றேன். போடவில்லை.

அவன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டணத்து ஆபீசுக்கே உயர்த்தி அழைத்துக்கொண்டார்கள். இப்போது அதே காலேஜுக்கு வருஷா வருஷம் போய், செய்தி சேகரிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பேசுகிறானாம். நான் எழுதிக் கொடுத்தது விசாரணையில் இருக்கிறது என்று போகும்போதெல்லாம் சொல்கிறார்கள். வீட்டுக்கு நூற்றைம்பது வீதம் ஒன்பது வீட்டுக்கு இன்னும் வர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.